'தூ' என்றால் கோபப்படாதீர்கள்!

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி... இந்தப் பாலாற்றுப் பக்கத்து ஊர்களில் ஒரு வார்த்தை உண்டு. அதைச் சொன்னால் போதும், மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை அத்தனை பேருக்கும் முதுகு நிமிர்ந்துவிடும்.

'பையர்!'

வெளிநாட்டிலிருந்து வந்து, தோலைத் தடவிப் பார்த்து, ஷூவை வளைத்துப் பார்த்து, நம் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுக்கிறாரே, அவர்தான் பையர். அவர் நாளை வருகிறார் என்றால் இன்று ராத்திரி ஆபீஸ் சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள். பூந்தொட்டி வரும். பாத்ரூமில் சோப்பு வரும். (பையர் போன மறுநாள் அதுவும் போய்விடும்.)

எல்லா ஏற்பாடும் செய்வார்கள் சார், ஒன்றைத் தவிர. அவரோடு எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது, என்ன பேசுவது என்று யாரும் நமக்குச் சொல்லித் தர மாட்டார்கள். ஜெர்மன்காரர் வந்தால் கவலை இல்லை, சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே கணக்குப் பார்ப்பார். ஆனால் வருவது பிரெஞ்சுக்காரர் என்றால், சாப்பாட்டு மேஜைதான் அவருக்கு ஆபீஸ், கோயில், பட்டிமன்றம் எல்லாம்!

தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் பதினாலு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன் என்ற முறையில், பார்த்ததையும் படித்ததையும் சொல்கிறேன். நாளைக்கு உங்கள் ஆபீஸுக்கும் ஒரு பிரெஞ்சுக்காரர் வரலாம். அல்லது உங்களையே கம்பெனி பாரிஸுக்கு அனுப்பலாம். (நம்பிக்கைதானே வாழ்க்கை!)

முதலில் கும்பிடு, அப்புறம் காரியம்

பிரெஞ்சு மொழியில் ஒரே ஒரு வார்த்தைதான் கற்றுக்கொள்ள முடியும் என்றால், 'போன்ழூர்' என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். 'நல்ல நாள்' என்று அர்த்தம். கடைக்குள் நுழைந்தால் போன்ழூர். லிஃப்ட்டுக்குள் நுழைந்தால் போன்ழூர். டாக்டர் வீட்டு வாசலில் காத்திருக்கிற ஆறு நோயாளிகளுக்கும் சேர்த்து ஒரு போன்ழூர். அதைச் சொல்லாமல் நேரடியாக 'இது என்ன விலை?' என்று ஆரம்பித்தால், பேக்கரி அம்மாள் உங்களைத் திருத்துவதற்காகவே அழுத்தந்திருத்தமாக 'போன்ழூர், மெஸ்யே' என்பார். 'உன்னைப் பெத்தவங்க உனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலியா?' என்பதுதான் அதன் தமிழாக்கம்.

நமக்கு இது புரியாத விஷயமில்லை. வீட்டுக்கு வந்தவரை 'வாங்க' என்று சொல்லவில்லை என்பதற்காக மூன்று தலைமுறை பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள் நம்மிடம் இல்லையா? அதே கதைதான். அங்கே 'வாங்க'வைக் கடைக்காரரும் சொல்ல வேண்டும், வந்தவரும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

தூ... வூ...

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

இங்கிலீஷில் ஒரே 'யூ'வை வைத்துக்கொண்டு மகாராணிக்கும் அதே, பால்காரனுக்கும் அதே என்று ஒப்பேற்றிவிடுகிறார்கள். பிரெஞ்சு அப்படியல்ல, நம்ம ஜாதி. 'நீ'க்கு ஒன்று, 'நீங்கள்'க்கு ஒன்று. 'நீங்கள்' என்பதற்கு 'வூ'. 'நீ' என்பதற்கு... கிட்டத்தட்ட 'தூ'!

எங்களுக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் நடந்தது. அங்கே வருஷக்கணக்காக வந்துபோகிற ஒரு பையர், ஒருநாள் சாப்பாட்டுக்கு அப்புறம் மேனேஜர் தோளில் கை போட்டு, 'இனிமேல் நமக்குள் வூ வேண்டாம், தூ போதும்' என்றாராம். மேனேஜர் அனிச்சையாகக் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாராம். உண்மையில் அது அவமானம் இல்லை சார், பதவி உயர்வு! வூவிலிருந்து தூவுக்கு வருவது என்றால், 'நீ இனிமேல் வியாபாரி இல்லை, நண்பன்' என்று சொல்கிற மாதிரி. அதைப் பெரியவரோ மேலதிகாரியோதான் முதலில் எடுத்துக்கொடுக்க வேண்டும். நாமாகப் போய்த் 'தூ' என்றால், தமிழ் அர்த்தத்திலேயே எடுத்துக்கொள்வார்கள்.

ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இது இன்னும் சுலபமாகப் புரியும். 'இன்னா நைனா, நீ சாப்ட்டியா?' என்று பெற்ற அப்பாவையே பாசமாகக் கேட்கிற ஊர் இது. இதே வாக்கியத்தைக் கோயமுத்தூரில் யாராவது கேட்டால் மூர்ச்சையாகிவிடுவார்கள். எங்கே நீ, எங்கே நீங்க என்பது ஊருக்கு ஊர் மாறும் என்று தெரிந்தவனுக்குப் பாதி பிரெஞ்சு தெரிந்த மாதிரி.

ரொட்டிக்குத் தட்டு கிடையாது

சரி, பந்திக்குப் போவோம்.

பிரெஞ்சுப் பந்தியில் ரொட்டியை மேஜை விரிப்பின் மேலேயே வைப்பார்கள். விருந்து ரொம்பப் பெரிதாக இருந்தால் ஒழிய அதற்குத் தனித் தட்டு கிடையாது. கத்தியால் வெட்டக் கூடாது. வாய்க்கு வேண்டிய அளவு கையால் பிய்த்துக்கொள்ள வேண்டும். (ஆகா, கையால் பிய்ப்பதா? அதில் நாம் உலக சாம்பியன் ஆச்சே!) நீள ரொட்டியைத் தலைகீழாக மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் தூக்குப் போடுகிறவனுக்கு என்று ரொட்டிக்கடைக்காரர் ஒரு ரொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பாராம், வேறு யாரும் தொட மாட்டார்களாம். அப்படி ஒரு கதை. இன்றைக்கும் கவிழ்ந்த ரொட்டியைப் பார்த்தால் வயசானவர்கள் சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிடுவார்கள்.

இரண்டு கையும் மேஜை மேல் தெரிய வேண்டும். இங்கிலீஷ்காரர் புத்தகத்தைப் படித்துவிட்டு, சாப்பிடாத கையை மடியில் வைத்துக்கொண்டு 'டீசன்ட்'டாக உட்காருகிறவர்கள் உண்டு. பிரான்ஸில் அது தப்பு. மணிக்கட்டு மேஜை விளிம்பில் இருக்கணும். முழங்கை மட்டும் கூடாது.

முள்கரண்டியைப் பல் கீழே பார்க்க வைப்பார்கள். பழைய பிரபுக்கள் வீட்டுக் குடும்ப முத்திரை முதுகுப் பக்கம் பொறித்திருக்குமாம், அது தெரிவதற்காக! சாலட் இலையைக் கத்தியால் வெட்டக் கூடாது, மடித்து வாயில் போட வேண்டும். பீடா மடிக்கத் தெரிந்த வேலூர் மாவட்டத்துக்காரனுக்கு இது ஒரு பிரச்னையா?

அடுத்தது வரிசை. முதலில் 'ஆன்த்ரே' என்று ஓர் ஆரம்பப் பண்டம். அப்புறம் மெயின் அயிட்டம். பிறகு சீஸ். அதற்கப்புறம் இனிப்பு. கடைசியில் சின்னக் கிண்ணத்தில் கசப்புக் காபி. ஒன்றை முடித்தால்தான் அடுத்தது வரும். வீட்டு அம்மாள் கரண்டியை எடுக்கும் வரை யாரும் எடுக்க மாட்டார்கள். இந்த விருந்து முறையை 2010-ல் யுனெஸ்கோவே மனிதகுலத்தின் பாரம்பரியச் சொத்துப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அவர்களுடைய நீள ரொட்டி 'பகெத்' 2022-ல் தனியாக அதே பட்டியலில் இடம் பிடித்தது. பாரம்பரிய ரொட்டி என்று பெயர் வைத்து விற்றால் மாவு, தண்ணீர், உப்பு, புளிப்பூட்டும் ஈஸ்ட் என்று அடிப்படைச் சாமான்தான் இருக்கலாம், ரசாயனம் சேர்க்கக் கூடாது என்று 1993-லேயே அரசாணை போட்ட நாடு அது. நம்ம இட்லிக்கு யாராவது இப்படி ஓர் ஆணை போட்டால் நான் ஓட்டுப் போடத் தயார்.

'ஒவ்வொண்ணா வருதே, நம்ம இலை மாதிரி மொத்தமா வெச்சா என்ன?' என்று எங்கள் டிரைவர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்களும் அப்படித்தான் வைத்தார்கள்! அத்தனை பண்டத்தையும் ஒரே நேரத்தில் மேஜை நிறையப் பரப்பிவிடுவார்கள். அதற்கே 'பிரெஞ்சு முறை' என்றுதான் பெயர். ஒவ்வொன்றாகப் பரிமாறுவது ரஷ்ய முறை. 1810-ம் ஆண்டு வாக்கில் பாரிஸில் ரஷ்யத் தூதராக இருந்த குராகின் இதை அங்கே அறிமுகப்படுத்தினார் என்று சொல்வார்கள். ஆக, இன்று நாம் 'பிரெஞ்சு நாகரிகம்' என்று வாய் பிளப்பது ரஷ்யாக்காரர் கொண்டுவந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். அவர்கள் சாப்பாட்டில் முடிவை நெருங்கும்போது சீஸ் வருகிறது, நம்முடையதில் மோர். இரண்டும் மாடு கொடுத்ததுதான். பந்தியில் பாதியில் எழுந்திருந்தால் இங்கேயும் மரியாதைக் குறைவு, அங்கேயும் மரியாதைக் குறைவு. முக்கோணமாக வெட்டிய சீஸின் மூக்கு நுனியை மட்டும் நறுக்கித் தன் தட்டில் போட்டுக்கொள்கிறவனை அங்கே எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? கல்யாணப் பந்தியில் முந்திரியாகப் பொறுக்குகிறவனை நாம் பார்க்கிற அதே பார்வை!

'மெர்சி' என்கிற கண்ணி

எங்களோடு வேலை பார்த்த ஒரு நண்பர். நல்ல சாப்பாட்டுப் பிரியர். ஆம்பூர் பிரியாணியை ஜீரகசம்பா வாசத்தை வைத்தே எந்தக் கடை என்று சொல்லக்கூடியவர். கம்பெனி வேலையாகப் பாரிஸுக்குப் போனார். பையர் வீட்டில் விருந்து. கோழி பிரமாதம். வீட்டு அம்மாள் பாத்திரத்தைக் கொண்டுவந்து, 'இன்னும் கொஞ்சம்?' என்று கேட்டார். நம்மவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, 'மெர்சி' என்றார். 'நன்றி' என்று அர்த்தம், சரிதானே?

பாத்திரம் அடுத்தவரிடம் போய்விட்டது.

உருளைக்கிழங்கு வந்தது. 'மெர்சி!' போய்விட்டது. சீஸ், பழ கேக்... எல்லாமே அவரைத் தாண்டிப் போயின. ராத்திரி ஓட்டல் அறையில், வீட்டிலிருந்து கொண்டுபோன மாங்காய் ஊறுகாயை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டாராம்.

விஷயம் இதுதான். பரிமாறும்போது வெறுமே 'மெர்சி' என்றால் பிரெஞ்சில் 'போதும், வேண்டாம்' என்று அர்த்தம். வேண்டுமானால் 'வி, சி வூ ப்ளே' (ஆமாம், தயவுசெய்து) என்று சொல்ல வேண்டும். இங்கே நாம் மூன்று தரம் 'போதும் போதும்' என்று இலையை மறைத்தாலும் நாலாவது தரமும் போடுவார்கள். அங்கே ஒரு தரம்தான் கேட்பார்கள். அங்கே போய் கௌரவம் பார்த்தால் பட்டினிதான்.

இந்தப் படம் ஒரு முள்ளங்கி!

பிரெஞ்சுக்காரர்கள் சாப்பிடாத நேரத்திலும் சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறார்கள். பொய் சொல்கிறவனை 'சாலட் சொல்றான்' என்பார்கள். மயக்கம் போட்டு விழுந்தால் 'ஆப்பிளுக்குள்ள விழுந்துட்டான்' என்பார்கள். ஆபீஸில் வேலை குவிந்து கிடந்தால், 'பலகை மேல ரொட்டி இருக்கு.' எல்லாம் போச்சு, அவ்வளவுதான் என்றால், 'பீன்ஸ் தீர்ந்தது!' அடுத்தவன் விஷயத்தில் மூக்கை நுழைத்தால், 'உன் வெங்காயத்தைப் பாரு.' (பெரியார் வெங்காயம் என்று சொன்னதை நாம் நினைத்துக்கொள்ளலாம்.) ரேட் பேசும்போது கொஞ்சம் இறங்கி வரச் சொல்வதற்கு, 'உன் ஒயினில் கொஞ்சம் தண்ணி ஊத்து.' ஊசிப்போன சினிமாவுக்கு 'நாவே' என்று பெயர். முள்ளங்கிக்கு ஒன்றுவிட்ட தம்பியான டர்னிப் கிழங்குதான் அது. முதல் நாள் முதல் ஷோ பார்த்துவிட்டு வெளியே வரும்போது உபயோகப்படும், குறித்துக்கொள்ளுங்கள்.

கோபம் வந்தால் அவர்களுக்குக் 'கடுகு மூக்குக்கு ஏறும்.' நமக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். சமையல் சாமான் வேறு, கோபம் ஒன்று! வரேன் என்று சொல்லிவிட்டு வராமல் ஏமாற்றினால் அவர்கள் 'முயல் வெச்சுட்டான்' என்பார்கள். நாம் அல்வா கொடுப்போம். முயலைவிட அல்வா மேல் என்பது என் கட்சி.

எனக்கு மிகவும் பிடித்தது 'கோப்பேன்' என்ற வார்த்தை. நண்பன் என்று அர்த்தம். பிரித்தால், 'ரொட்டியைச் சேர்ந்து தின்கிறவன்'. நம்ம 'கம்பெனி' என்ற வார்த்தைக்கும் இதே பூர்வீகம்தான். சேர்ந்து ரொட்டி சாப்பிடுகிறவர்கள் என்ற லத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தது. மாசம் முதல் தேதி சம்பளம் போடுகிற இடத்துக்கு உள்ளே இப்படி ஓர் அர்த்தம் உட்கார்ந்திருக்கிறது என்று எத்தனை முதலாளிகளுக்குத் தெரியும்?

பிரெஞ்சே தெரியாது என்கிறவர்களுக்கும் ஒரு செய்தி. மெனு, ரெஸ்டாரன்ட், ஆம்லெட், கட்லெட், பஃபே... நீங்கள் வாரத்தில் நாலு நாள் பிரெஞ்சு பேசிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். எங்கள் தோல் மண்டியில் ஏழாம் கிளாஸ் படித்தவரும் சொல்கிற 'ஸ்வேட்' லெதர் இருக்கிறதே, அதுவும் பிரெஞ்சு தந்ததுதான். 'ஸ்வீடன் நாட்டுக் கையுறை' என்று அவர்கள் சொன்னதில் கையுறை கழன்று விழுந்து, ஸ்வீடன் மட்டும் நம் ஊர் டிரம்முக்குள் வந்து சேர்ந்தது.

தொண்ணூற்றேழு எவ்வளவு?

ஒரு எச்சரிக்கை. போனில் பிரெஞ்சு நம்பர் சொன்னால் கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். எழுபதுக்கு அவர்களிடம் தனிப் பெயர் இல்லை: 'அறுபது-பத்து' என்பார்கள். எண்பது: 'நாலு இருபது'. தொண்ணூற்றேழு: 'நாலு இருபது-பத்து-ஏழு'! 'நாலு' என்று கேட்டதும் 4 என்று எழுதி, 'இருபது' என்றதும் 20 என்று எழுதினால் சரக்கு வேறு ஊருக்குப் போய்விடும். பக்கத்து பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் அதே பிரெஞ்சில் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் ஒழுங்காகத் தனி வார்த்தை வைத்திருக்கிறார்கள்.

ரொம்பச் சிரிக்காதீர்கள். எட்டுக்கு எண்பது, எண்ணூறு என்று ஒழுங்காக வந்த நாம், ஒன்பது வந்ததும் 'தொண்ணூறு' என்று நூறுக்கும், 'தொள்ளாயிரம்' என்று ஆயிரத்துக்கும் தாவிவிடுகிறோமே! இதை ஒரு பிரெஞ்சுக்காரருக்கு விளக்க முயன்று பாருங்கள், ஆப்பிளுக்குள் விழுவார்.

முதல்முதலில் வந்தது பையர் அல்ல

இந்த உறவு நேற்று ஆரம்பித்ததில்லை. நம்ம பக்கத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் முதலில் வந்தது ஆர்டரோடு அல்ல, பீரங்கியோடு. 1749 ஆகஸ்ட் 3-ம் தேதி, இன்று பிரியாணிக்குப் பேர் போன அதே ஆம்பூரில் நடந்த சண்டையில், சந்தா சாகிப், முசாபர் ஜங் ஆட்களோடு பிரெஞ்சுப் படையும் சேர்ந்துகொண்டது. ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் அந்தக் களத்தில் செத்துப்போனார். இரண்டு வருஷம் கழித்து, 1751-ல், ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டைக்குள் உட்கார்ந்துகொள்ள, சந்தா சாகிபின் மகன் ராசா சாகிப் பிரெஞ்சுத் துணையோடு சுமார் ஐம்பது நாள் முற்றுகை போட்டார். எங்கள் ஆபீஸிலிருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஆற்காடு. டெல்லி கேட் என்ற அந்தக் காலத்து வாசல் இன்றும் நிற்கிறது.

அந்த முற்றுகையிலும் சாப்பாட்டுக் கதைதான் பிரபலம். உள்ளே அரிசி தீர்ந்துகொண்டு வந்தபோது, நம்ம நாட்டுச் சிப்பாய்கள் கிளைவிடம் வந்து, 'சோற்றை வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கொடுங்கள், எங்களுக்கு வடித்த கஞ்சி போதும்' என்றார்களாம். மெக்காலே இதை எழுதி வைத்திருக்கிறார். 'போதும்' என்று சொல்லியே ஒரு சாம்ராஜ்யத்தை ஜெயிக்க வைத்தவர்கள் நாம்!

ஆற்காட்டிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போகிற வழியில் வந்தவாசி வரும். 1760 ஜனவரி 22-ம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் இங்கிலீஷ்காரர்களிடம் தோற்ற இடம். ஆனாலும் பாண்டிச்சேரியில் அவர்கள் ஆட்சி முடிந்தது 1954 நவம்பர் 1-ல்தான். சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். இன்றும் அங்கே மத்தியானம் பல கடைகள் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டு, படுத்து, சாயங்காலம்தான் திறக்கும். எரிச்சலாக வரும். ஆனால் பொறாமையும் வரும்.

நம்மைப் போன்ற ஆபீஸ்காரர்களுக்கு அங்கே ஒரு குலதெய்வம் உண்டு: ஆனந்தரங்கப் பிள்ளை. கவர்னர் துய்ப்ளெக்ஸுக்குத் துபாஷியாக, அதாவது பாஷை தெரிந்த காரியஸ்தராக இருந்தவர். 1736-ல் டைரி எழுத ஆரம்பித்து, 1761-ல் சாகும் வரை தமிழில் எழுதினார். பிரெஞ்சு முதலாளிக்குக் கீழே வேலை பார்த்த தமிழன் கஷ்ட நஷ்டங்களுக்கு இதைவிடப் பழைய பதிவு எனக்குத் தெரிந்து கிடையாது.

இன்னொரு பாண்டிச்சேரிக்காரர்தான் நம் பிழைப்புக்கே பிள்ளையார் சுழி போட்டவர். சார்லஸ் டி சூசா என்ற யூரேஷியர். 1840-களில் ஆவாரம்பட்டையை வைத்துத் தோல் பதனிடும் உள்ளூர் முறையைச் சீர்படுத்தி, ஏற்றுமதிக்குத் தகுந்த சரக்காக்கியவர் என்று சென்னை மாகாணத் தோல் தொழில் வரலாற்றில் அவர் பெயர் வரும். ஆக, ராணிப்பேட்டைத் தோலுக்குள்ளேயே கொஞ்சம் பாண்டிச்சேரி இருக்கிறது.

சட்டைப்பைக்கு ஒரு சீட்டு

சாப்பிட ஆரம்பிக்கும்போது: போன் அப்பெத்தீ. (ரொம்ப ஆசாரமான குடும்பங்களில் இதைச் சொல்ல மாட்டார்கள். மற்ற எல்லா இடத்திலும் சொல்வார்கள்.)
கிளாஸை உயர்த்தும்போது: ஸான்தே. (கண்ணைப் பார்த்துச் சொல்லணும். கிளாஸில் வெறும் தண்ணீர் இருந்தாலும்!)
சர்வரைக் கூப்பிட: மெஸ்யே. ('கார்சோன்' என்றால் 'டேய் பையா' மாதிரி. வேண்டாம்.)
பில் வேண்டுமானால்: லதிஸியோன், சி வூ ப்ளே. (கேட்காமல் பில் வராது. வந்தால் 'எழுந்து போ' என்று அர்த்தமாகிவிடுமே!)
தண்ணீருக்கு: உன் கராஃப் தோ. (ஜாடித் தண்ணீர். காசு கிடையாது.)
விடைபெற: ஓ ருவ்வார்.

அந்த ஒரு மணி நேரம்

இவ்வளவும் தெரிந்துகொண்டு என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு மதாம் வரும் வரைக்கும்.

எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். பிரெஞ்சு பையர் அம்மாள் ஒருவர் வந்திருந்தார். மேனேஜர் ஏ.சி. அறையில் விருந்துக்கு ஏற்பாடு செய்துவிட்டு அழைத்தார். அந்த அம்மாள், 'நீங்கள் போங்கள், நான் டேனரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறேன்' என்று மத்தியானம் ஒரு மணிக்கு உள்ளே நுழைந்துவிட்டார். கூட ஓடினவன் நான்.

உள்ளே டிரம் நின்றிருந்தது. ஈரத் தோல் நீலமாகக் குவிந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில், காலி கெமிக்கல் பீப்பாய் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் தூக்குச்சட்டியை வைத்து ஒரு பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விரல் நகமெல்லாம் குரோம் நீலம்.

மதாம் தோலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. 'இவர் கையை எங்கே கழுவினார்?' என்று கேட்டார்.

'இன்னா சார் கேக்குது அந்தம்மா?' என்றார் பெரியவர்.

'கை எங்க கழுவினீங்கன்னு கேக்கறாங்க தாத்தா.'

'வேட்டியில தொடச்சுகினேன்னு சொல்லு.'

அப்படியே மொழிபெயர்த்தேன். பின்னால் வந்து நின்ற மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும்.

சாப்பாட்டு மேஜையில் அந்த அம்மாள் ஒரு விஷயம் சொன்னார். பிரான்ஸில் வேலை செய்கிற இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட விடக் கூடாது என்று தொழிலாளர் சட்டம் இருக்கிறது. கொரோனா காலத்தில், 2021 பிப்ரவரியில்தான் அதைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். கம்ப்யூட்டர் முன்னால் டிபன் பாக்ஸைத் திறப்பதுகூட அங்கே விதிமீறல்! நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதன் ஆரம்பத்தைக் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். 1894-ல் வந்த ஆணை அது. அன்றைய பட்டறைகளில் ஈயத் தூசியும் ரசாயனமும் ரொட்டியோடு சேர்ந்து தொழிலாளி வயிற்றுக்குள் போயின. அதைத் தடுக்கத்தான் சட்டம். இரண்டு மணி நேரம் ஆற அமரச் சாப்பிடுகிறார்களே என்று நாம் கேலி செய்கிற பழக்கத்துக்கு அடியில், விஷத்துக்குப் பயந்து வந்த ஒரு விதியும் கிடக்கிறது.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, 150 பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் குடிதண்ணீரோடு சாப்பாட்டு அறை வேண்டும், அந்த அறை இருக்கும்போது யாரும் வேலைக்கூடத்தில் சாப்பிடக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். எழுதியது எழுதியபடி இருந்தது. பீப்பாய் பீப்பாயாக இருந்தது.

அன்று ஆர்டரில் கையெழுத்து விழவில்லை. 'சாப்பிட ஓர் இடம் கட்டுங்கள், போட்டோ அனுப்புங்கள், பிறகு பேசுவோம்' என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போய்விட்டார். ஒரே மாசத்தில் ஷெட் வந்தது. சிமென்ட் பெஞ்சு, எட்டுக் குழாய், சோப்பு. (இந்தத் தடவை சோப்பு மறுநாளும் இருந்தது.)

ஐரோப்பாவில் தோலுக்கு ஒரு கணக்கு உண்டு. உடம்பில் படுகிற தோல் பொருளில், ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் ஆறாம் வகைக் குரோமியம் இருக்கக் கூடாது என்று 2015 மே 1 முதல் விதி. அந்தப் பரிசோதனை ரிப்போர்ட் இல்லாமல் பெட்டி கப்பல் ஏறாது. நல்ல விதிதான். பாரிஸில் அந்த ஷூவைப் போடுகிற காலுக்கு மில்லிகிராம் கணக்கில் பாதுகாப்பு இருக்கிறது. அந்தத் தோலை ஊறப்போட்ட கைக்கு?

இங்கேதான் நம் பழக்கத்தையும் அவர்கள் பழக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் முள்ளும் கத்தியும் வைத்துச் சாப்பிடுகிறார். அவர் விரலில் இருக்கிறது பெரும்பாலும் விரலிலேயே நின்றுவிடும். நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். சுண்ணாம்புத் தொட்டியோ குரோமோ, விரலில் இருப்பது அத்தனையும் அடுத்த கவளத்தில் வாய்க்குள் போகிறது. ஆகவே சாப்பாட்டு அறையும் குழாயும் பிரெஞ்சுக்காரனைவிட நமக்குத்தான் பத்து மடங்கு அவசியம். அவருக்கு முள்கரண்டி எப்படியோ, நமக்குக் குழாய் அப்படி. அது இல்லாத பந்தி, பந்தியே இல்லை.

ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு கையில் மவுஸ், ஒரு கையில் லெமன் ரைஸ் என்று மானிட்டரைப் பார்த்துக்கொண்டே விழுங்குகிறோமே, அதை மட்டும் இந்த வாரம் நிறுத்திப் பாருங்கள். மணி ஒன்று அடித்தால் எழுந்திருங்கள். கையைக் கழுவுங்கள். நாலு பேர் ஒரு மேஜையில் உட்காருங்கள். போகிற வழியில் உங்கள் கம்பெனியில் பியூன், லோடுமேன், டிரம் ஓட்டுகிறவர் எல்லாம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று ஒரு தரம் எட்டிப் பாருங்கள். பார்த்தது சரியில்லை என்றால், மேனேஜரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். கடுகு அவர் மூக்குக்கு ஏறினால் ஏறட்டும். பையர் வந்து கேட்பதற்கு முன்னால் நாமே கேட்டுவிடுவது கௌரவம்.

அந்தப் பெரியவர் இப்போது ரிட்டயராகிவிட்டார். புது ஷெட் திறந்த அன்றைக்கு, எட்டுக் குழாயையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

'அந்தம்மா பாஷையில ரொம்ப தாங்க்ஸுன்னு எப்படி சார் சொல்றது?'

'மெர்சி தாத்தா.'

கொஞ்சம் யோசித்துவிட்டு எச்சரித்தேன்: 'ஆனா சோறு போடறப்ப மட்டும் சொல்லிடாதீங்க!'